மறு அறிவிப்பு வரும் வரை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எம்லின் ப்ரோபர்ட் சமையலறை மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்து, ஒரு ஜோடி கால்பந்து பூட்ஸை அதன்மேல் வைத்துக் கொழுப்பு தடவுகிறார். முதலில் இடது கால். விரலில் தொட்டு, தையல் தையலாக. பூட்ஸ் 1930-இல் வாங்கியது. இன்றுவரை அதில் ஒரு பொட்டுச் சேறு பட்டதில்லை. கழுத்தில் மாட்டிக்கொண்டு ரயிலேற வசதியாக இரண்டின் நாடாக்களையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருக்கிறார். முடிச்சை அவிழ்க்காமலே கொழுப்பு தடவும் வித்தை அவருக்குக் கைவந்துவிட்டது.

உள்ளூர் ஆட்டங்களுக்கு வேறு ஜோடி உண்டு. அது நாய் கடித்துப் போட்டதுபோல் கொல்லையில் கிடக்கும். மேஜைமேல் இருப்பது வேல்ஸ் நாட்டு அணிக்கு.

மிச்சமிருக்கும் பாதி மேஜையில் அவர் மனைவி ஒல்வென் சாப்பாட்டை வைக்கிறாள். "பாதி எனக்கு, பாதி நாட்டுக்கு," என்பாள், வீட்டுக்கு வருகிறவர்களிடம்.

எம்லின் நிலக்கரிச் சுரங்கத்தில் விளக்கறைக்காரர். ஆள் இறங்கும்போது எண் போட்ட பித்தளை வில்லையை வாங்கிக்கொண்டு அதே எண்ணுள்ள விளக்கைக் கொடுப்பார். ஏறி வந்ததும் விளக்கை வாங்கிக்கொண்டு வில்லையைத் திருப்புவார். விளக்கு மாட்டும் பலகையில் ஒரு கொக்கி காலியாக இருந்தால் ஒருவன் இன்னும் கீழே இருக்கிறான் என்று பொருள். கொக்கி நிறையும்வரை அவர் ஜன்னலை விட்டு நகரமாட்டார். மேனேஜர் போகச் சொன்னாலும் போகமாட்டார். ஊரில் பாதிப் பேரை அவருக்கு எண்ணால்தான் தெரியும். சந்தையில் பாதிரியாரின் மைத்துனரைப் பார்த்து, "என்ன நானூத்துப் பதினேழு, இருமல் தேவலையா?" என்று கேட்பார். நாற்பது வருடமாக இந்தப் பள்ளத்தாக்கில் நர்ஸாக வீடு வீடாகப் போகிறவள் நான். அந்த இருமலை எனக்கும் தெரியும். தேவலையாகாது.

பூட்ஸ் கதைக்கு வருகிறேன். 1930 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்தோடு ஆட்டம். நம்முடைய நல்ல ஆட்டக்காரர்களுக்கெல்லாம் சம்பளம் கொடுப்பவை இங்கிலாந்துக் கிளப்புகள். அன்று அவற்றுக்கும் ஆட்டம் இருந்தது, விடவில்லை. அதே வருடம் பிப்ரவரியில்தான் பெல்ஃபாஸ்டில் ஏழு கோல் வாங்கிக்கொண்டு வந்திருந்தோம். வேல்ஸ் சட்டையைப் போட்டுக்கொள்ள ஆள் கிடைக்குமா என்று நாடே பேசியது. எங்கள் பள்ளத்தாக்கு லீக்கின் செயலாளர் ஹோரஸ் மெரிக் யாரும் கேட்காமலே ஒரு முன்னேற்பாடு செய்தார். எம்லினுக்கு அப்போது இருபத்தேழு வயது, லீக்கில் கோலுக்கு முன்னே இடப்பக்கம் காக்கும் இடது பின்காவல். அவருக்கு மெரிக் ஒரு கடிதம் எழுதினார். பூட்ஸுடன் தயாராக இருக்கவும். தேவைப்பட்டால் தந்தி வரும். மறு அறிவிப்பு வரும் வரை இந்த ஏற்பாடு நீடிக்கும்.

எம்லின் அன்றே பூட்ஸ் வாங்கினார். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து இருபது வண்டியைப் பிடித்தால்தான் மறுநாள் கிளாஸ்கோவில் இருக்கலாம். பையோடு பிளாட்பாரத்தில் போய் நின்றார். வண்டி வந்தது, போனது. தந்தி வரவில்லை. யாரும் கேள்விப்படாத பையன்களை அழைத்துக்கொண்டு போன வேல்ஸ், ஒன்றுக்கு ஒன்று என்று சமன் செய்து திரும்பியது. ஊரே கொண்டாடியது. எம்லினும் கொண்டாடினார், பையைத் தோளிலிருந்து இறக்காமல்.

மறு அறிவிப்பும் வரவில்லை. மெரிக் வேலை தேடி லண்டன் பக்கம் ஒரு ரேடியோத் தொழிற்சாலைக்குப் போய்விட்டார். அன்று முதல் எம்லின் தயாராக இருக்கிறார்.

வேல்ஸ் எங்கே ஆடினாலும், முந்தின நாள் ஐந்து இருபதுக்கு அவர் பிளாட்பாரத்தில் இருப்பார். வண்டி புறப்பட்ட பிறகும், அது வளைவு தாண்டி மறையும்வரை நிற்பார். தந்தி எடுத்துக்கொண்டு யாராவது ஓடி வந்தால் ரயில் கார்டு பார்த்து வண்டியை நிறுத்தக்கூடும் என்பது அவர் கணக்கு. போர்ட்டர் மடோக்குக்கு இது வருடத்துக்கு மூன்று முறை கிடைக்கும் பொழுதுபோக்கு.

"ஒரு டிக்கெட்டா எம்லின், இல்ல ஜெயிச்ச கோப்பைக்கும் சேர்த்தா?"

"தந்தி வந்துச்சா?"

"ராஜா கிட்டேயிருந்து வந்துச்சு. பேன்ட்ட தச்சுட்டு வரச் சொல்றார்."

எம்லின் குனிந்து பேன்ட்டைப் பார்ப்பார். கிழியவில்லை என்று தெரிந்ததும் மறுபடி தண்டவாளத்தைப் பார்ப்பார்.

1932-க்குப் பிறகு வேல்ஸுக்கு நல்ல காலம். எம்லினுக்கு அதுவே கெட்ட காலம். ஆட்டங்கள் பெரும்பாலும் புதன்கிழமைக்கு மாறின. புதன்கிழமை கிளப்புகளுக்கு ஆள் தேவையில்லை, விட்டார்கள். நல்ல ஆட்டக்காரர்கள் வந்தார்கள். 1933-இல் நான்கு நாடுகளின் போட்டியை வென்றோம். 34-இலும் வென்றோம். சுரங்கத்தில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை, ரொட்டியில் தடவக் கொழுப்பில்லை, ஆனால் இங்கிலாந்தை அடித்தாயிற்று. எம்லின் எல்லோருக்கும் கைகொடுத்தார். "நல்லாத்தான் ஆடுறாங்க," என்றார், சம்பந்தி வீட்டு விருந்தைப் புகழ்கிறவரைப்போல.

செய்தித்தாள் வந்தால் அவர் முதலில் படிப்பது அடிபட்டவர்கள் பட்டியல். "இடது பின்காவலுக்குக் கணுக்கால் வீங்கியிருக்காம். பாவம், நல்ல பையன்," என்பார். உண்மையாகவே வருத்தப்படுவார். சாயங்காலமே போய் முடி வெட்டிக்கொண்டு வருவார்.

1934 இலையுதிர் காலத்தில் அவருக்கே அடிபட்டது. பக்கத்து ஊர் ரொட்டிக்கடைக்காரர்கள் அணியோடு ஆட்டம், கால் புல்லில் நிற்க உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. முழங்காலின் உள்பக்கக் குருத்தெலும்பு கிழிந்தது. கிழிந்த துண்டு நினைத்த நேரம் உள்ளே சிக்கிக்கொள்ளும். மடங்கிய கால் நீளாது. தேவாலயத்தில் ஒருமுறை பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோது இவர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். பாட்டைத் தேர்ந்தெடுத்தவருக்கு எதிர்ப்புத் தெரிவிக்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் வேறு இரண்டு பேரும் எழவில்லை.

கால் சிக்கினால் என்னைக் கூப்பிடுவார்கள். மேஜையில் படுக்கவைத்து, கீழ்க்காலை மெல்லத் திருகி நீட்டினால் 'டக்' என்று விடும். இரண்டு வருடத்தில் இருபத்தாறு தடவை செய்திருக்கிறேன். விளக்கறைக்கு ஒன்பது படி. 1937 ஜனவரியில் அந்தப் படியில் கால் சிக்கி, முதல் ஷிப்டு ஆட்கள் அத்தனை பேரும் இருபது நிமிடம் விளக்கில்லாமல் நின்றார்கள். மேனேஜர் கெட்டவரில்லை. ஈஸ்டருக்குள் ஆபரேஷன் செய்துகொண்டால் ஆறு வாரம் இடத்தை வைத்திருப்பேன், இல்லாவிட்டால் ஜன்னலுக்கு வேறு ஆள் என்றார். இந்த வருடம் இந்தப் பள்ளத்தாக்கில் வேலை போனால் போனதுதான். டாக்டர் படுக்கைக்கு ஏற்பாடு செய்தார். மார்ச் பதினாறு, செவ்வாய், ஆஸ்பத்திரியில் சேரவேண்டும். பதினேழு காலை ஆபரேஷன். அதை விட்டால் ஜூனில்தான் அடுத்த படுக்கை. குருத்தெலும்பை எடுத்த பிறகு நடக்கலாம், படியேறலாம். பந்து ஆடக்கூடாது.

எம்லின் காலண்டரைப் பார்த்தார்.

"பதினேழாந்தேதி ஆட்டம் இருக்கு, நர்ஸம்மா. ரெக்ஸம்ல, அயர்லாந்தோட. ஜெயிச்சா மறுபடியும் நாமதான்."

"உனக்கு ஆபரேஷன் இருக்கு."

"தந்தி வந்தா?"

"வாசப்படி இறங்க முடியல உன்னால."

"அது ஆடச் சொன்னப்புறம் பாத்துக்கலாம். கூப்பிட்டா போகணும். அது ஆடறதுல சேத்தி இல்ல."

நோயாளியோடு வாதாடுவது நேர விரயம் என்று எனக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மெரிக்கின் விலாசத்தைத் தேடிப் பிடித்து எழுதினேன். இந்த மனிதர் ஆறரை வருடமாக உங்கள் உத்தரவில் நிற்கிறார், தயவுசெய்து விடுவியுங்கள். பத்து நாளில் பதில் வந்தது. எம்லின் ப்ரோபர்ட் யார் என்று நினைவில்லை. அந்த வாரம் அப்படி ஒரு கடிதத்தைப் பதினான்கு பேருக்கு அனுப்பியதாக ஞாபகம். இன்னும் யாரேனும் தயாராக இருந்தால் இத்துடன் வாபஸ்.

எம்லினிடம் கடிதத்தைக் கொடுத்தேன். நின்றுகொண்டு படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார்.

"பதினாலு பேருக்கா?"

"ஆமா."

"மத்த பதிமூணு பேரும் இன்னும் தயாராவா இருப்பாங்க?"

"இருக்கமாட்டாங்க. புத்தி இருக்கும்."

"அப்ப வரிசையில நான்தான் முதல்ல," என்றார்.

"வாபஸ்னு எழுதியிருக்காரே, கண்ணு தெரியலையா?"

"அவர் இப்ப செயலாளர் இல்லையே நர்ஸம்மா. ரேடியோப் பெட்டிக்கு மூடி மாட்டுறார். மூடி மாட்டுறவர் எப்படி வாபஸ் வாங்க முடியும்?"

கடிதத்தை மடித்துப் பழைய கடிதத்தோடு சேர்த்து வைத்தார். நான் தொப்பியை எடுத்துக்கொண்டேன். செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டது; ஜூனில் பார்க்கலாம், அதற்குள் இந்த வீட்டுக்குப் பால் எப்படி வரும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த ஒல்வென் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நான் நிக்கிறேன்."

"எங்க?"

"பிளாட்பாரத்துல. செவ்வாய்க்கிழமை. தந்தி வந்தா ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டு வரேன். வந்து உன்ன எழுப்புறேன். போதுமா?"

எம்லின் அவளைப் பார்த்தார். "மடோக் கிண்டல் பண்ணுவான்."

"ஆறரை வருஷமா உன்னப் பண்றான். செத்தா போயிட்ட?"

"அஞ்சு மணிக்கே போயிடணும்."

"போறேன்."

"வண்டி கிளம்பினதும் திரும்பிடக்கூடாது. வளைவு தாண்டற வரைக்கும்..."

"எம்லின்."

"சரி," என்றார்.

ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: பூட்ஸ் கூட வரும். ஆஸ்பத்திரித் தலைமை நர்ஸ் அதைப் பார்த்ததும் கிருமி, சேறு, வெளியே வை என்றாள். திருப்பி அடிப்பாகத்தைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தாள். டாக்டரின் செருப்பைவிடச் சுத்தமாக இருந்தது. கட்டில் தலைமாட்டுக் கம்பியில், நாடா முடிச்சோடு, கைக்கெட்டும் தூரத்தில் மாட்ட அனுமதித்தாள்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. எடுத்தது அரை நிலா வடிவத்தில் ஒரு துண்டு, கட்டைவிரல் நீளம். ஈதர் தெளியும்போது சிலர் பாடுவார்கள், சிலர் அழுவார்கள். எம்லின் தூக்கத்திலேயே விளக்கு எண்களைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று வார்டில் சொன்னார்கள்.

வியாழக்கிழமை பிற்பகல் ஒல்வெனும் நானும் போனோம். நான் செய்தித்தாள் கொண்டுபோயிருந்தேன். நான்குக்கு ஒன்று. போட்டி நமக்கு. பக்கத்துக் கட்டில்காரர் விலாவில் கட்டோடு காலையிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தாராம். எம்லினுக்குக் கோல் கணக்கு அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

"பதினோரு பேரும் வந்தாங்களா?" என்று கேட்டார்.

அணியின் பெயர்களை வரிசையாகப் படித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விரலை மடக்கினார். பத்து விரலும் முடிந்து, பதினோராவது பெயருக்குக் கட்டுப்போட்ட முழங்காலைத் தொட்டார்.

"எல்லாரும் வந்துட்டாங்க," என்றார். பிறகு ஒல்வென் பக்கம் திரும்பினார். "தந்தி?"

"வரல."

"வண்டி போச்சா?"

"போச்சு."

"வளைவு தாண்டற வரைக்கும் நின்னியா?"

"தாண்டற வரைக்கும் நின்னேன். அப்புறமும் கொஞ்ச நேரம் நின்னேன்."

"எதுக்கு?"

"தெரியல. நின்னேன்."

"குளிரா இருந்துச்சா?"

"மார்ச் மாசம் வேற எப்படி இருக்கும்? மடோக் டீ கொடுத்தான்."

"எனக்கு ஒரு தடவகூடக் கொடுத்ததில்ல," என்றார் எம்லின்.

ஒல்வென் அவர் போர்வையைக் கொஞ்சம் இழுத்துவிட்டாள்.

எம்லின் தலைக்கு மேல் கையை நீட்டி, கம்பியிலிருந்து பூட்ஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். ஆறரை வருடக் கொழுப்பு இறங்கி அது கல்லாகியிருந்தது. நகத்தால் முயன்றார், பிறகு பல்லால். தலைமை நர்ஸ் கத்தரிக்கோல் கொண்டுவந்து நீட்டினாள். வேண்டாம் என்று தலையசைத்தார். பார்வையாளர் நேரம் முடிந்து மணியடித்தபோது நாடாக்கள் விட்டன. ஒல்வெனிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்தார். அவள் குனிந்து, வீட்டில் மற்றச் செருப்புகளை வைப்பதுபோல, இரண்டையும் கட்டிலுக்கடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.