சும்மா நிற்க ஓர் இடம்

காலை எட்டு ஐந்து. பிரெஞ்சுத் தலைநகரில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலின் ரூ காய் தெருவில் மரக்கறிக் கடைக்காரர் இரும்புக் கதவைப் பாதிக்கு உயர்த்தி, அதன் கீழால் முருங்கைக்காய்ப் பெட்டியை வெளியே தள்ளினார். அண்ணையின் எட்டுச் செலவுக்குச் சாமான் வாங்க வந்திருந்தேன். இறந்தவருக்குப் பிடித்ததை எட்டாம் நாள் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். அண்ணைக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்தால், முதலில் நினைவுக்கு வருவது சாப்பாடு அல்ல, நிற்பது.

இதே தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் முழங்கால் தேயும்வரை வேலை செய்தார். வேலை முடிந்தால் நேரே வீட்டுக்குப் போகமாட்டார். மூலையில், மருந்துக் கடைக்கு முன்னால், குளிர்ச்சட்டைப் பைக்குள் கைகளை விட்டபடி நிற்பார். கூட நாலைந்து பேர். யாருக்கு விசா கிடைத்தது, யார் மகளுக்குக் கலியாணம் என்பதெல்லாம் அங்கே நின்றபடியே பேசி முடியும்.

அண்ணி இறந்த பிறகு அவரை அவுஸ்திரேலியாவுக்குக் கூப்பிட்டேன். அப்போது எனக்கு அங்கே ஒரு சிறு பத்திரிகையில் வேலை, கடற்கரையோரப் புறநகரில் வாடகை வீடு. வெட்டிய புல்லும் உப்புக் காற்றும் கலந்த மணம் இன்னும் மூக்கில் இருக்கிறது. சத்தம் எதுவும் நினைவில்லை. மாலையில் ஒரு நாய் குரைத்தால் இரவுச் சாப்பாட்டில் அதைப் பற்றிப் பேசுவோம். எனக்கு அந்த ஊரில் கிடைத்த பெரிய செய்தியே தொலைந்துபோன பூனைதான்.

வந்த அன்று அண்ணை கேற்றைத் திறந்து தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"சனமெல்லாம் எங்கை தம்பி? ஊரடங்கோ?"

"இல்லை அண்ணை, எல்லாரும் வீட்டுக்குள்ளை."

"அதைத்தானே ஊரடங்கு எண்டுறது."

சில நாளில் பஸ் தரிப்பிடத்தைக் கண்டுபிடித்தார். காரணம் சொல்லாமல் ஒருவர் நிற்கக்கூடிய ஒரே இடம் அதுதான் என்பது அவர் கணக்கு. பஸ் வரும் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. பஸ் நின்று கதவு திறக்கும். அண்ணை போகச் சொல்லிக் கையசைப்பார். ஒருநாள் சாரதி பொறுமையாகக் காத்திருக்கவே, வெட்கத்தில் ஏறிக் கடைசித் தரிப்பிடம்வரை போய், அதே பஸ்ஸில் திரும்பினார்.

"பாவம், எனக்காக நிப்பாட்டினவன்" என்றார்.

பிறகு யாரோ பொலிசுக்குச் சொல்லியிருக்கிறார்கள், நல்லெண்ணத்தில்தான்: ஒரு வயதானவர் தினமும் நிற்கிறார், வழி தவறியவர் போலிருக்கிறது என்று. பொலிஸ் காரிலிருந்து இறங்கிய இளம்பெண் வாயைத் திறக்குமுன்பே, அண்ணை சட்டைப் பையிலிருந்து பிரெஞ்சு அடையாள அட்டையை எடுத்து நீட்டிவிட்டார். லா ஷப்பலில் பொலிஸ் மறிக்கும்போதெல்லாம் நீட்டிப் பழகிய கை. அவள் அதைப் புரட்டிப் பார்த்துக் குழம்பி, அவரை வீட்டில் கொண்டுவந்து விட்டாள். எதிர்வீட்டுத் திரைச்சீலை அசைந்தது.

"ஏன் அண்ணை கார்ட்டைக் குடுத்தனீங்கள்? அவ கேக்கேல்லையே."

"கேக்க முதல் குடுத்தால் கெதியா விடுவாங்கள்." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. "இஞ்சை எல்லாம் இருக்குத் தம்பி. சும்மா நிக்கத்தான் ஏலாது. என்னை அனுப்பிவிடு."

நான் மறித்தேன். அதன்பின் அவர் வெளியே போகவில்லை, ஜன்னலோரம் நின்றார். குளிர்காலம் தொடங்குமுன் விமானம் ஏற்றிவிட்டேன். அங்கே புறநகரான பியர்ஃபித்தில் ஓர் அறை எடுத்தார். தொலைபேசியில் எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டால், "வேறை எங்கை, லா ஷப்பல்லைதான்" என்பார். பின்னால் வாகன இரைச்சல் கேட்கும்.

இன்று பைகளோடு அந்த மூலைக்குப் போனேன். மருந்துக் கடை இல்லை. நடைபாதை முழுக்கச் சைக்கிள் பூட்டும் இரும்பு வளைவுகள் நாட்டியிருந்தார்கள். திரும்பி வந்து மரக்கறிக் கடைக்காரரிடம் கேட்டேன்.

"அது போட்டுக் கனகாலம்," என்றார் அவர். "அண்ணை பிறகு உங்கை பஸ் தரிப்பிலைதானே நிக்கிறவர்."