ஆளுக்குப் பாதியாகப் போட்ட பாதை

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது இரண்டு நாட்கள் தூதுவர் வேலை பார்த்தேன். அதன் பிறகு எத்தனையோ வேலை பார்த்துவிட்டேன். அந்த இரண்டு நாளில் இருந்த மரியாதை வேறு எதிலும் கிடைக்கவில்லை.

சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்தில் எங்கள் வீடு கரிசல் மண்ணில் நிற்கிறது. மழை பெய்தால் தெருக் கேட்டிலிருந்து வாசல்வரை ஒரே களி. செருப்பு பாதி வழியிலேயே நின்றுகொள்ளும், கால் மட்டும் வீடு வந்து சேரும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பட்டாசு வேலை. அப்பா ஒரு கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் இருந்தார். அம்மா வேறொரு கம்பெனியில் சரவெடி பின்னினாள். தீபாவளி முடிந்து கம்பெனிகள் லீவு விட்டதும், இந்தத் தடவை நாமே கல் பாவிவிடலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். கொத்தனார் கிடையாது, கையாள் கிடையாது. ஒரு டிராக்டர் நிறைய சிமெண்டுக் கற்கள் வந்து தெருவில் இறங்கின.

முதல் இரண்டு நாள் எல்லாம் சிரிப்பும் பேச்சுமாகத்தான் போனது. அரை அடி ஆழத்துக்கு மண்ணை அள்ளி, கிராவல் கொட்டி, திமிசுக் கட்டையால் இடித்தார்கள். கட்டை படாத மூலைகளில் நான் குதித்து இடித்தேன். அதன் மேல் கல் உடைக்கும் கிரஷரின் தூசைப் பரப்பி, பலகையால் இழுத்து மட்டம் பார்த்தார் அப்பா. தோசைக் கல்லில் மாவைத் தேய்த்ததுபோல் அவ்வளவு வழவழப்பு.

மூன்றாம் நாள் காலை நான் பக்கத்து வீட்டில் டிவி பார்த்துவிட்டு வந்தபோது இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அப்பா கேட்டுப் பக்கம் நேருக்கு ஒரு நூல் கட்டிக் குத்தவைத்து, தீப்பெட்டி அடுக்குவதுபோல் நேர் வரிசையாகக் கல் வைத்துக்கொண்டிருந்தார். அம்மா வாசல் பக்கத்திலிருந்து, சரம் பின்னுவதுபோல் ஒன்றுக்குக் குறுக்காக ஒன்றை வைத்துக்கொண்டு வந்தாள். எந்த மாதிரி வைப்பது என்பதில்தான் சண்டை என்று நான் கண்டுபிடித்துவிட்டேன். வேலையை நிறுத்தவும் முடியாது. கிழக்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. கல் மூடுவதற்குள் மழை வந்தால் பரப்பிய தூசெல்லாம் கரைந்து சாக்கடைக்குப் போய்விடும்.

"ஏ பாப்பா, ஒங்கப்பாட்ட போயி நூலு கோணிக்கிட்டுப் போகுதுன்னு சொல்லு. கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு அவுகளுக்கு?" என்றாள் அம்மா.

நான் இருபது அடி ஓடிப்போய், "நூலு லேசாக் கோணுதாம்ப்பா. அம்மா பாக்கச் சொன்னாங்க" என்றேன். பொடதியை வழியிலேயே விட்டுவிட்டேன்.

அப்பா நூலைச் சரிசெய்துவிட்டு, "சடை பின்னத் தெரிஞ்சா கல்லு வைக்கத் தெரியுமான்னு ஒங்கம்மாட்ட கேளு" என்றார். அதை நான் அம்மாவிடம், "ஒங்களுக்குக் கல்லு வைக்க நல்லாத் தெரியுதாம்" என்று கொண்டுபோய்ச் சேர்த்தேன். அம்மா குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. என் சாமர்த்தியத்தில் எனக்கே பெருமை தாங்கவில்லை. இருபது அடி தூரத்தில் பேசுவது இருவர் காதிலும் நேராகவே விழும் என்பது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.

ஒரே ஒரு செய்தியைத்தான் என்னால் மாற்ற முடியவில்லை. "கம்பெனி தொறக்குற அன்னைக்கு நான் சோறு கட்டித் தர மாட்டேன்னு சொல்லு" என்றாள் அம்மா. கல் அடுக்குவதற்கும் சோற்றுக்கும் என்ன சம்பந்தம்? அப்பாவிடம் அப்படியே சொல்லிவிட்டு, "நான் கட்டித் தாரேம்ப்பா" என்றும் சேர்த்துக்கொண்டேன்.  அப்பா வெகுநேரம் ஒரே கல்லைத் தட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியத்துக்கு மேல் இரண்டு பாதையும் நடுவில் வந்து சந்தித்தன. சந்தித்தன என்று சொல்ல முடியாது. இடையில் நான்கு விரல் இடைவெளி. அதில் எந்தக் கல்லும் நுழையாது. அப்பா பக்கம் ஓர் அங்குலம் உயர்ந்து நின்றது.

"ஒங்கப்பா பக்கம் தூக்கியிருக்குன்னு சொல்லு."

"ஒங்கம்மா பக்கம் தாந்திருக்குன்னு சொல்லு."

எதிரெதிரே முட்டி இடிக்க உட்கார்ந்துகொண்டு இருவரும் என்னைப் பார்த்துச் சொன்னார்கள். நான் இப்படியும் அப்படியும் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒண்ணத்தான சொல்றீக!" என்றேன்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா மீசைக்குள் சிரித்தபடி ஒரு கல்லை எடுத்து, இடைவெளிக்குத் தக்கபடி உடைக்கச் சுத்தியலை ஓங்கினார். அடி கட்டை விரலில் விழுந்தது.

"பாத்து அடிங்களேன்!" அம்மா நேராக அவரிடமே கத்தினாள். என் உத்தியோகம் அத்தோடு போயிற்று.

அவள் அப்பாவின் கையைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றினாள். கை கழுவியான பிறகும் விடவில்லை. மருந்து அறையில் வேலை பார்க்கிறவர்களின் கையில் அலுமினியப் பொடி ஏறி, எத்தனை சோப்புப் போட்டாலும் வெள்ளியாக மினுங்கும். லீவில் அது போயிருந்தது. "நகமெல்லாம் சுத்தமாயிருச்சு பாருங்க. இந்தக் கை இப்படியே இருக்கட்டும்ங்க" என்றாள். அப்பா தலையை ஆட்டினாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. உடைத்த கல்லை வைத்து, இருவருமாக மட்டத்தைச் சரிசெய்து முடித்த அரை மணி நேரத்தில் மழை கொட்டியது. கல் ஒன்றுகூட அசையவில்லை. நான் நனைந்துகொண்டே கேட்டுக்கும் வாசலுக்குமாகப் பத்துத் தடவை ஓடினேன்.

லீவு முடிந்து கம்பெனி திறந்த அன்று காலை அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். கல் பாதையில் நடந்து கேட்டைத் திறந்தவர், கம்பெனி இருக்கிற பக்கம் திரும்பாமல் பஸ் நிறுத்தம் இருக்கிற பக்கம் திரும்பினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பின்னாலேயே ஓடி, "அப்பா, கம்பெனி அந்தப் பக்கம்ப்பா!" என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டினார்.

சிவகாசியில் காலண்டர் அடிக்கும் அச்சகம் ஒன்றில் பேப்பர் லோடு இறக்கும் வேலைக்குப் போகிறார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்தத் தீபாவளிக்கு முன்பு பக்கத்து ஊரில் ஒரு மருந்து அறை வெடித்து, அப்பாவோடு முன்பு வேலை பார்த்தவர் இறந்துபோனதும், அதிலிருந்து அம்மா அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தது மருந்து அறை வேலையை விடுங்கள் என்ற இந்த ஒன்றைத்தான் என்பதும் எனக்குப் புரியப் பல வருடங்கள் ஆயின.

அன்று நான் மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடிவந்து, "அம்மா, அப்பா வழி தெரியாம வேற எங்கயோ போறாங்க!" என்றேன். அம்மா வாசலில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்தாள். பிறகு என்னை இழுத்து அணைத்து, எலும்பு நோகும்வரை இறுக்கிக்கொண்டாள். மூச்சு முட்டியதில் எனக்குக் கோபம்தான் வந்தது.