ஸ்பேனர் பெட்டியில் வந்த விஸ்கி

பம்பு மாட்டப் போகிறவன் கையில் கம்பெனி ஒரு டூல் பெட்டியைக் கொடுக்கும்; கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு லிஸ்டைக் கொடுப்பார்கள். வெளியூர் வேலைக்குப் போய்வந்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. ஊதுவத்தி, நைலான் புடவை, பிளாஸ்டிக் வாளி என்று நீங்களும் சுமந்திருப்பீர்கள். எனக்கு வாய்த்தது விஸ்கி.

அறுபதுகளின் கடைசியில் நான் செவ்வாப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு பம்பு கம்பெனியில் ஃபிட்டர். பம்பு வாங்கியவர்கள் ஊருக்கே போய், அதை அஸ்திவாரத்தில் உட்காரவைத்து, ஓட்டிக் காட்டிவிட்டுத் திரும்புவது என் வேலை. நம் பக்கம் மதுவிலக்கு. பெங்களூரில் கடை திறந்துவிட்டார்கள். எங்கள் கம்பெனியில் அடிக்கடி பெங்களூர் போகிறவன் நான் ஒருவன்தான். என் வீடு திருவள்ளூரில், அப்பாவுக்குக் கோவில் கைங்கரியம், நான் ஒரு சொட்டு தொட்டதில்லை. இதையெல்லாம் விசாரித்துக்கொண்டுதான் என்னிடம் சொன்னார்கள். வழியில் பாட்டில் குறையாது பாருங்கள். சட்டப்படி தப்பு என்பது எனக்குத் தெரியும். முடியாது என்று சொல்ல வாய் வராமல் ஆரம்பித்தது. பிறகு, கொண்டுவந்து சேர்க்கிறவன் என்ற பெயர் எனக்கே பிடித்துப்போய்விட்டது.

ஜோலார்பேட்டையில் ஒரு குலுக்கல்

முதலில் கேட்டவர் எங்கள் மேஸ்திரி முனுசாமி. ஐம்பது வயசு, எனக்கு வேலை ஒதுக்குகிறவர். "ஐயரே, ஒண்ணே ஒண்ணு வாங்கியா. ஒடம்பு வலி தாங்கல" என்றார். நான் ஐயங்கார் என்று அவரிடம் சொல்லிப் பார்த்து அலுத்துப்போயிருந்த காலம்.

வாங்கிவிட்டேன். எங்கே வைப்பது? துணிப் பையில் வைத்தால் தெரியும். டூல் பெட்டியில் ஸ்பேனர்களுக்கு நடுவே படுக்கவைத்து, சுற்றிலும் எண்ணெய் துடைக்கிற பஞ்சை அடைத்துப் பூட்டினேன். நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். ஜோலார்பேட்டையில் எஞ்சின் மாற்றினார்கள். புது எஞ்சின் வந்து இடித்த இடியில் பெட்டிக்குள் சுத்தியல் நகர்ந்திருக்க வேண்டும். 'டிங்' என்று சின்னதாக ஒரு சத்தம். அரக்கோணம் வரை எதிர் சீட்டில் இருந்த பெரியவர் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கம்பெனிக்கு வந்து, கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி, பஞ்சை வெளியே எறிந்து, ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கிவிட்டு மேஸ்திரியிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தார். குனிந்து முகர்ந்தார். நிமிர்ந்தபோது முகம் வாடியிருந்தது.

"பாட்டிலு ஒடஞ்சிது, போவட்டும். ஸ்பேனரை இன்னாத்துக்குய்யா தொடச்சே?"

சக்‌ஷன் பக்கத்து அடைப்பு

அந்த ஒரு தடவைக்குப் பிறகு உட்கார்ந்து யோசித்தேன். கண்ணாடி வெளியிலிருந்து அடிபட்டு உடைவதைவிட உள்ளே ஆடி உடைவதுதான் அதிகம். ஆடவே இடம் இல்லாமல் செய்துவிட்டால் உடையாது. எங்கள் கம்பெனி பம்பில் தண்ணீர் உள்ளே போகிற வாய், சக்‌ஷன் என்போம், ஆறு அங்குலம். அதில் ஒரு வளைவு உண்டு. பாட்டிலைச் சாக்கில் சுற்றி, மரத்தூளை இறுக்கி அடைத்து, அந்த வளைவுக்குள் தள்ளிவிட்டால் மேலே யானை நின்றாலும் ஒன்றும் ஆகாது.

ஒரு தடவை பெங்களூரில் ஒரு பம்பு ஒழுகுகிறது என்று கம்பெனிக்கே திருப்பி அனுப்பவேண்டி வந்தது. மேஸ்திரிக்கு வாங்கின பாட்டிலை அதற்குள் வைத்து லாரியில் ஏற்றிவிட்டு, நான் ரயிலில் வந்தேன். லாரி மறுநாள் சாயங்காலம்தான் வரும் என்று கணக்கு. காலையில் சைக்கிளை கேட்டில் நிறுத்தும்போதே வாட்ச்மேன் சொன்னார், லாரி விடியற்காலையிலேயே வந்துவிட்டதாம், பம்பு டெஸ்டிங்குக்குப் போய்விட்டதாம்.

சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். பம்பைத் தொட்டி மேல் உட்காரவைத்து, குழாயை மாட்டி, போல்ட்டெல்லாம் முடுக்கி, டெஸ்டர் கண்ணையா ஸ்விட்சில் கை வைத்துக்கொண்டு நிற்கிறான். பக்கத்தில் புகார் கொடுத்த பார்ட்டி அனுப்பிய இன்ஸ்பெக்டர், கையில் நோட்டோடு. ஓட்டினால் பாட்டில் நேராக உள்ளே சுற்றுகிற சக்கரத்துக்குள் போகும். கண்ணாடி தூளாகும், சக்கரம் வீணாகும், என் வேலையும் போகும். "நிறுத்து கண்ணையா, உள்ளே பேக்கிங் இருக்கு" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவனுக்குக் கேட்டிருக்கிறது. கையை எடுத்துவிட்டான்.

இன்ஸ்பெக்டர் குழாயைக் கழற்றச் சொன்னார். எட்டு போல்ட். ஒவ்வொன்றையும் எவ்வளவு மெதுவாகக் கழற்ற முடியுமோ அவ்வளவு மெதுவாகக் கழற்றினேன். அவர் நகர்கிற மாதிரி தெரியவில்லை. கடைசியில் நானே கையை விட்டு, சாக்கோடு பாட்டிலை எடுத்து பெஞ்சின் மேல் வைத்தேன். சாக்கின் ஓரம் விலகி மூடி தெரிந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அவருக்கு என்னைவிட வயசு குறைவுதான். பேனாவைத் திறந்தார்.

"சக்‌ஷன் பக்கம் அடைப்பு இருந்தது, எடுத்தாச்சுன்னு எழுதிக்கறேன். என்ன பிராண்டு அடைப்புன்னு எழுதணும்னு எங்க ஆபீஸ்ல ரூல் இல்லை."

கொல்லையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

பாட்டிலை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பது நான் எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். அதை ஒரே ஒரு தடவை மீறினேன். ரயில் தாமதமாகிவிட்டது, வந்து சேர்ந்தது ஞாயிறு காலை, கம்பெனி லீவு. பையை அறை மூலையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் அழுக்குத் துணி எடுக்க வந்த அம்மா பைக்கு முன்னால் நிற்கிறாள். அவள் பின்னால் அப்பா. கோவிலிலிருந்து அப்போதுதான் வந்தவர், திருமண்கூடக் கலையவில்லை.

"குடிக்கிறியா?" என்றார்.

"இல்லை. மேஸ்திரிக்கு உடம்பு வலியாம், அவருக்கு வாங்கிண்டு வந்தேன்."

அவர் என் முகத்தையே பார்த்தார். நம்பமாட்டார் என்றுதான் நினைத்தேன். "நம்பறேன்" என்றார். "ஆனா அது இந்த ஆத்துக்குள்ள இருக்கப்படாது. கொல்லைக்கு எடுத்துண்டு போ. அது கிளம்பற வரைக்கும் நீயும் அங்கேயே இரு."

போனேன். துவைக்கிற கல்லில் நான், பக்கத்தில் பை. அம்மா கிணற்றடியில் இலை போட்டாள். சாத்தமுது சாதத்தை அங்கேயே சாப்பிட்டேன். பக்கத்து வீட்டுப் பையனிடம் சீட்டுக் கொடுத்தனுப்பியிருந்தேன். மூன்று மணிக்கு மேஸ்திரி சைக்கிளில் வந்தார். கொல்லைக் கதவைத் திறந்தது அப்பா. அவரைப் பார்த்ததும் மேஸ்திரி தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். ஆறடி ஆள் நாலடி ஆனதை அன்றுதான் பார்த்தேன்.

"உடம்புக்காமே?" என்று கேட்டார் அப்பா.

"ஆமா சாமி. டாக்டரே சொல்லிக்கீறாரு. ரவையூண்டு சாப்பிட்டா தூக்கம் வரும்னு."

அப்பா பையை எடுத்து மேஸ்திரி கையில் கொடுக்கும்படி எனக்குச் சைகை காட்டினார். கதவைச் சாத்தப் போனவர் நின்றார்.

"சொன்ன டாக்டரையே வாங்கிண்டு வரச் சொல்லப்படாதோ?"

ஆரம்பாக்கத்தில் பிடிபட்டேன்

இதுவரை தப்பித்ததைச் சொன்னேன். மாட்டிக்கொண்டதையும் சொல்லவேண்டும்.

கம்பெனி கும்மிடிப்பூண்டியில் புது ஷெட் போட்டுக்கொண்டிருந்த சமயம். நெல்லூர்ப் பக்கம் ஒரு வேலையை முடித்துவிட்டு, அங்கிருந்து ஷெட்டுக்கு வரும் லாரியில் ஏறினேன். டிரைவர் பக்கத்தில் நான். டிரைவருக்கு எதுவும் தெரியாது. என் சீட்டுக்குக் கீழே, கிரீஸ் டப்பாக்களுக்குப் பின்னால், ஒரு பாட்டில். அதற்குள் நான் இந்த வேலையில் கைதேர்ந்துவிட்டேன் என்று நினைப்பு. ஆரம்பாக்கத்தில் செக்போஸ்ட். வயல் ஓரத்தில் லாரியை ஓரங்கட்டச் சொன்னார்கள்.

வந்தவர் ஒரு ஏட்டு. மீசையெல்லாம் நரைத்தவர். லாரியின் பின்பக்கம் ஏறவில்லை, தார்ப்பாயைத் தூக்கவில்லை. கதவோரமாக நின்றுகொண்டு எந்த ஊர், என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தார். நான் நன்றாகவே பதில் சொன்னேன். பத்து நிமிஷம் பேசினபிறகு, "எறங்கு நைனா" என்றார். நேராகக் குனிந்தார். கிரீஸ் டப்பாவை நகர்த்தினார். பாட்டிலை எடுத்தார்.

கேஸ் போட்டால் கம்பெனியில் சேர்க்கமாட்டார்கள். திருவள்ளூரில் அப்பா கோவிலுக்குள் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. டிரைவர் என்னைப் பார்க்கிறான். அவன் பேரைச் சொல்லித் தப்பித்திருக்கலாம், லாரி அவனுடையது. "என்னுதுதான். டிரைவருக்குத் தெரியாது" என்றேன். யாருக்கு என்று கேட்டார். "அதைச் சொல்லமாட்டேன் சார். கேட்டவர்மேல தப்பில்லை, தூக்கினது நான்" என்றேன்.

ஏட்டு என்னை ரொம்ப நேரம் நிற்கவைத்தார். பிறகு மூடியைத் திருகி, வரப்பு ஓரமாகக் குனிந்து, கடைசிச் சொட்டு வரை கவிழ்த்தார். காலிப் பாட்டிலைக் கல்லில் போட்டு உடைத்தார். போகலாம் என்று கையைக் காட்டினார். நான் வண்டியில் ஏறவில்லை. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டே விட்டேன். கேட்காமல் போயிருந்தால் அன்றைக்குச் சோறு இறங்கியிருக்காது.

"நான் எங்கய்யா தேடினேன்? உன் கண்ணு எங்க போவுதுன்னு பாத்துக்கினு இருந்தேன். அதுதான் நிமிசத்துக்கு ஒரு வாட்டி சீட்டாண்ட போய் போய் வந்துச்சே."

கடை திறந்த பிறகு

எழுபத்தொன்றில் நம் பக்கமும் கடை திறந்தார்கள். அப்பாடா என்று இருந்தது. இனி லிஸ்டில் ஊதுவத்தி மட்டும்தான் இருக்கும் என்று சந்தோஷமாகப் பெங்களூர் கிளம்பினேன். கேட்டில் மேஸ்திரி காத்துக்கொண்டிருந்தார். "வழக்கம்போல ஒண்ணு" என்றார். திருவள்ளூர் கடையிலேயே கிடைக்கிறதே, உங்கள் வீட்டிலிருந்து அரை மைல் நடந்தால் போதுமே என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"கடையில வாங்கினா அது சரக்கு. நீ அம்மாந்தூரத்திலேந்து தூக்கியாந்தா அது மரியாதை."

செவ்வாப்பேட்டை பிளாட்ஃபாரம்

இது எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர் சம்பந்தப்பட்டது. அதட்டிப் பேசத் தெரியாத மனுஷர். கம்பெனிக்குப் பெரிய ஆர்டர் கொடுத்த ஒருவருக்கு விருந்து வைக்கப்போவதாகவும், பம்பாய் வேலை முடிந்து நான் திரும்பும்போது நல்ல சீமை விஸ்கி ஒன்று வேண்டும் என்றும் கூப்பிட்டுச் சொன்னார். அவர் என்னிடம் எதுவும் கேட்டதே இல்லை. ஆகவே இதற்கு நான் எடுத்துக்கொண்ட சிரத்தைக்கு அளவில்லை. தகரப் பெட்டி ஒன்று தனியாக வாங்கி, உள்ளே பஞ்சு வைத்து, பம்பாயிலிருந்து மடியைவிட்டு இறக்காமல் கொண்டுவந்தேன். பக்கத்தில் இருந்தவர் பெட்டிக்குள் சாளக்கிராமமா என்று கேட்டார்.

சென்னையில் இறங்கி லோக்கல் பிடித்து, ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் செவ்வாப்பேட்டையில் இறங்கினேன். இறங்குகிற கூட்டமும் ஏறுகிற கூட்டமும் ஒன்றாக மோதுகிற நேரம். பெட்டியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். வண்டி நகர ஆரம்பித்துவிட்டது. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் கம்பியைப் பிடித்து ஏறினாள். ஒரு கால் படியில், இன்னொரு கால் வழுக்கி வெளியே தொங்குகிறது. கம்பியைப் பிடித்த கை நழுவுவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவளுக்கும் எனக்கும் நடுவே யாரும் இல்லை.

யோசித்தேன் என்று சொன்னால் பொய். பெட்டி எப்போது கையை விட்டது என்றே தெரியாது. குழந்தையை ஒரு கையிலும் அவள் தோளை ஒரு கையிலும் பிடித்து இழுத்ததில் மூன்று பேரும் பிளாட்ஃபாரத்தில் விழுந்தோம். என் முழங்கை பெயர்ந்துவிட்டது. குழந்தை அழவில்லை, என் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பிடித்து இழுத்தது. வண்டி போன பிறகு எட்டிப் பார்த்தால் தண்டவாளத்தில் தகரப் பெட்டி அப்பளமாகக் கிடந்தது. பிளாட்ஃபாரம் முழுக்க அந்த வாசனை. அந்தப் பெண் குழந்தையை வாங்கிக்கொண்டு, "உள்ள இன்னா சாமான்ணா இருந்துச்சு?" என்று கேட்டாள். மருந்து என்றேன்.

முழங்கையில் கட்டோடு மறுநாள் மேனேஜர் முன்னால் போய் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் இதுதான் முக்கியமான பாட்டில், இதைப் போய் விட்டுவிட்டேனே என்று உண்மையிலேயே எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் எழுந்து வந்து கட்டைப் பார்த்தார். உட்காரச் சொன்னார். ஃபிட்டரை யாரும் அந்த அறையில் உட்காரச் சொன்னதில்லை.

"அவருக்கு நான் மோர் கொடுத்துக்கறேன். அந்தக் குழந்தை எப்படி இருக்கு, அதைச் சொல்லுங்க."

நான் மாட்டிய பம்புகளில் பாதி இன்றைக்கும் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கின்றன, நான் கொண்டுவந்த விஸ்கியில் ஒரு சொட்டும் மிச்சமில்லை, ஆனாலும் பழைய சிநேகிதர்கள் என்னைப் பார்த்தால் விசாரிப்பது பம்பைப் பற்றி இல்லை.