உக்குவளைப் பட்டறையில் நீல வெளிச்சம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது. உக்குவளையில், ரயில் பாதைக்குக் கீழே இருக்கும் ஒரு வெல்டிங் பட்டறையில் நடந்தது. நடுச்சாமத்தில் அல்ல, பட்டப்பகலில். அப்போது உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பார்த்தார். மற்றவன் பார்க்கவில்லை. இது பார்க்காதவனின் கதை.

அவன் பெயர் கிறிஸ்டியன். பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். முப்பது வயதுக்குள் பெண்சாதியைப் புதைத்தவன். அடக்கத்தன்று மரக்கட்டை மாதிரி நின்றான், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பிறகும் அப்படியேதான். பள்ளிக்கூடம் போவான், வருவான், சோறு வடிப்பான். கேட்டால் பதில் சொல்வான். கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

பெண்சாதி ஷெரோமி வெல்டர். முறையாகப் படித்துவிட்டு வின்சன்ட் முதலாளியின் அந்தப் பட்டறையில் இரும்புக் கேட்டும் ஜன்னல் கிறிலும் ஒட்டினாள். பொம்பளைக்கு எதற்கு நெருப்பு வேலை என்று மாதா கோயில் வாசலில் பேசினார்கள். அவள் சிரித்துவிட்டுப் போவாள். வேலையில் மட்டும் சிரிப்புக் கிடையாது. காலுக்குக் கீழே காய்ந்த பலகை இல்லாமல் நிற்கமாட்டாள். தோல் கையுறை இல்லாமல் வெல்டிங் குச்சியைத் தொடமாட்டாள். பொறி கிளப்புமுன் சுற்றி நிற்பவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் குரல் கொடுப்பாள்.

"பாக்காதீங்க."

அந்த வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்த்தால், இரவில் கண்ணுக்குள் மண்ணை அள்ளிக் கொட்டின மாதிரி இருக்கும். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அப்படிக் குரல் கொடுப்பார்கள். நாள் போகப் போக விட்டுவிடுவார்கள். அவள் விடவில்லை.

வீட்டிலும் அதே கதைதான். மாதத்தின் முதல் ஞாயிறு, பூசைக்குப் போகுமுன், கரண்ட் கசிந்தால் தானாக விழும் ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்பாள். டக். வீடு முழுக்கக் கரண்ட் நிற்கும். கிறிஸ்டியன் கையில் அயர்ன் பெட்டி ஆறும். முணுமுணுப்பான்.

"அயர்ன் பெட்டி ஆறினா திரும்பச் சூடாக்கலாம்," என்பாள். "ஆள் ஆறிட்டா?"

ஒரு தடவை அவளுடைய இடது கையுறையில் பெருவிரல் தையல் விட்டுப்போனது. கிறிஸ்டியன் தூண்டில் நரம்பால் தைத்துக் கொடுத்தான். குறுக்கும் நெடுக்குமாகப் போன கோணல் தையல், வேலி அடைத்த மாதிரி. அவள் அதை விரித்துப் பார்த்தாள். "நீங்க பிள்ளைங்களுக்குப் படிப்பிக்கிறதோட நிப்பாட்டிக்கங்க" என்றாள். ஆனால் அதையே போட்டுக்கொண்டு போனாள். தினமும்.

போன ஐப்பசி மழையில் பட்டறைக்குள் தண்ணீர் புகுந்தது. வேலையை நிறுத்த வேண்டும் என்று பிளாண்டை அணைக்கப் போனாள். வெல்டிங்குக்குக் கரண்ட் கொடுக்கும் கனத்த இரும்புப் பெட்டி அது. உள்ளே எங்கோ வயர் உரிந்து, பெட்டி முழுக்கக் கரண்ட் ஏறியிருந்தது. தொட்டாள். ட்ரிப் சுவிட்ச் அந்த நொடியே விழுந்திருக்க வேண்டும்.

விழவில்லை.

மரண விசாரணையில் வின்சன்ட் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். ட்ரிப் சுவிட்ச் நன்றாகத்தான் இருக்கிறது, பொலிஸே பார்த்தார்கள். அவள் வெறுங்கையோடு வேலை செய்தாள். வெக்கை என்று கையுறையைக் கழற்றி வீசுகிற பழக்கம். எத்தனையோ தடவை ஏசியிருக்கிறேன்.

கையுறைகள் எங்கேயும் கிடைக்கவில்லை. அவளுடைய கவனயீனம் என்று விசாரணை முடிந்தது. சவப்பெட்டியை வின்சன்டும் ஒரு பக்கம் தூக்கினார்.

கிறிஸ்டியனின் மரத்துப்போன மனதில் குத்திக்கொண்டிருந்தது அந்த ஒரு சொல்தான். கவனயீனம். ஊர் அதைச் சொன்னது. பங்குச் சுவாமி பிரசங்கத்தில் சொன்னார், நல்லெண்ணத்தோடுதான். அவள் கல்லறைக்கு மேலே அந்தச் சொல்லும் ஒரு கல்லாகக் கிடந்தது.

வைகாசியில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விடும் நேரம். ஷிஃபான் வாசலில் நின்றான். வின்சன்ட் புதிதாகப் பிடித்திருந்த வெல்டர்.

"சேர், முதலாளி வரச் சொன்னாரு. ஷெரோமி மிஸ்ஸோட வெல்டிங் முகமூடி பட்டறையில இருக்காம். எடுத்துட்டுப் போகட்டாம்."

"இப்ப எதுக்கு?"

ஷிஃபான் தரையைப் பார்த்தான். தனக்கு முன்னே வந்த இரண்டு பேர் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள், தானும் நின்றுவிட்டதாகச் சொன்னான். ஏன் என்று கேட்டதற்கு, நடந்துகொண்டே, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். வெல்டிங் முகமூடியின் கண்ணாடி கறுப்பு. பொறி எரிந்தால்தான் அதற்குள்ளே எதுவும் தெரியும். இல்லாவிட்டால் குருடன் மாதிரி. அவன் முகமூடியை இறக்குவான், குச்சியை இன்னும் தொட்டிருக்க மாட்டான்... அதற்குள் எதிர் மூலையில் ஒரு நீலப் புள்ளி எரியும். முகமூடியைத் தூக்கினால் மூலை காலி.

"அதுக்கு முன்னுக்கு ஒரு சத்தம் வேற, சேர். பொம்பளைக் குரல்."

"என்ன சொல்லும்?"

"பாக்காதீங்கன்னு சொல்லும்."

கிறிஸ்டியன் நடையை நிறுத்தவில்லை.

மழை தூறிக்கொண்டிருந்தது. ஷிஃபான் வெளியிலேயே நின்றுகொண்டான். உள்ளே மங்கல். கூரையில் காற்றாடி நின்றுகிடந்தது. வின்சன்ட் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு காகித மட்டையால் விசிறியபடி உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தபடி இருந்தது. அழுகை இல்லை. கண் எரிச்சல். அவர் குச்சியைத் தொட்டே ஒரு மாதம் என்று ஷிஃபான் சொல்லியிருந்தான்.

"வா தம்பி. உக்காரு."

கிறிஸ்டியன் உட்காரவில்லை. குச்சி எரிந்த நாற்றம் மூக்கில் ஏறியது. யாரும் வேலை செய்யாத பட்டறையில், இப்போதுதான் எரிந்த மாதிரி.

பிளாண்டுக்கு முன்னால் ஒரு பலகை கிடந்தது. தரையெல்லாம் ஈரம். பலகை மட்டும் காய்ந்திருந்தது.

"அவளோடதுதான்," என்றார் வின்சன்ட். "அடுப்புல வச்சு எரிச்சேன். விடிய வந்து பாத்தா கிடக்கு. பின்னுக்கு ஓடுற கங்கையில வீசினேன். கிடக்கு."

பிறகு அவர் பேசியதெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. வஹகோட்டை அந்தோனியார் கோயிலில் நேர்த்தி வைத்துவிட்டார். மந்திரித்த தண்ணீர் தெளித்துவிட்டார். வீட்டில் கண்ணை மூடினாலும் இமைக்கு உள்ளே நீலமாக எரிகிறது. ஆணியில் தொங்கிய முகமூடியை எடுத்து நீட்டினார்.

"இதைக் கொண்டு போ. போகுமுன்ன அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லு. நீ சொன்னா கேப்பா. போகச் சொல்லு தம்பி."

கிறிஸ்டியன் முகமூடியை வாங்கினான். உள்பட்டியில் அவளுடைய ஒரு முடி சிக்கியிருந்தது.

"சொல்றேன்," என்றான். "ஒண்ணு மட்டும் கேக்கணும். அவ கையுறை எங்க?"

வின்சன்ட் விசிறுவதை நிறுத்தினார்.

"அண்ணே. கையுறை எங்க?"

மேலே பகல் ரயில் மாத்தளைப் பக்கம் போனது. தகரம் அதிர்ந்து அடங்கியது. வின்சன்ட் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். உள்ளே கண்கள் மிளகாய்ப் பழம்.

"அவ எங்க தம்பி கையுறை போட்டா?" என்றார். "வெறுங்கையாலதான் தொட்டா. மாதா மேல சத்தியம்."

ம்ம்ம்ம்...

பிளாண்ட் இரைய ஆரம்பித்தது.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பிளாண்டுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. பலகை மட்டும் லேசாக அசைந்தது... ஆள் ஏறி நின்றால் அசையுமே, அப்படி.

கிறிஸ்டியனின் காதுக்குப் பக்கத்தில், மிக அருகில், மெதுவாக ஒரு குரல்.

"பாக்காதீங்க."

அவன் யோசிக்கவில்லை. பழக்கம். சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டான்.

சர்ர்ர்ர்ர்...

வெளிச்சம்.

வெள்ளையடித்த சுவர் முழுக்க நீலமாகப் பற்றியது. அதில் கிறிஸ்டியனின் நிழல். பக்கத்தில் வின்சன்டின் நிழல். அவர் எழுந்து, கிறிஸ்டியனின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் மூலையையே பார்த்து நின்றார். ஓடவில்லை. முகத்தை மறைக்கவில்லை.

"அண்ணே, கண்ணை மூடுங்க."

"முடியல தம்பி..."

"மூடுங்க."

"இமையைப் புடிச்சிருக்கா..."

கிறிஸ்டியன் சுவரைப் பார்த்தான். இப்போது மூன்று நிழல்கள். மூன்றாவதின் தலையில் முகமூடி. இரண்டு கைகளும் வின்சன்டின் முகத்தில்.

அவன் கையில் அவளுடைய முகமூடி இருந்தது. போட்டுக்கொண்டு திரும்பினால் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது. அவளைப் பார்க்கலாம்... ஒரே ஒரு தடவை.

தூக்கினான். தாடை வரைக்கும் வந்தது.

"பாக்காதீங்க."

இந்தத் தடவை குரல் மெதுவாக இல்லை.

கையை இறக்கினான்.

வின்சன்ட் அலறினார். அலறலுக்கு நடுவே வார்த்தைகள் வந்தன. "நான்தான்... கையில இருந்து கழட்டினது நான்தான்... போட்டிருந்தா, தண்ணில ஊறின கையுறை, ரெண்டு கையிலயும் போட்டிருந்தா... கழட்டிக் கங்கையில வீசினேன்... மழைன்னா சும்மா சும்மா விழுதுன்னு, விழாம இருக்க ட்ரிப் சுவிட்சுக்குக் குறுக்க வயர் போட்டதும் நான்தான்... பொலிஸ் வாறதுக்கு முன்ன உருவிட்டேன்... விடு புள்ள... விடு..."

உண்மையைச் சொன்னால் ஆவி போய்விடும் என்பார்கள்.

போகவில்லை.

வெளிச்சம் எரிந்தது.

எரிந்தது.

எரிந்துகொண்டே இருந்தது...

டக்.

இருட்டு. வின்சன்ட் விழும் சத்தம். அப்புறம் தகரத்தில் மழை மட்டும்.

ஷிஃபான் ஓடிவந்தான். தகரத்தின் ஆணித் துளைகள் வழியாக வெளிச்சம் ஊசி ஊசியாக மழைக்குள் வந்ததாம். முதலாளியின் அலறலை வேலிக்கு வெளியில் நின்ற நாலு பேர் கேட்டார்களாம். கீழே கிடந்தவரைப் பார்த்தான். பிளாண்டைப் பார்த்தான்.

"கரண்ட் வந்திருச்சா, சேர்?"

கிறிஸ்டியனுக்கு விளங்கவில்லை.

"எல்கடுவ ரோட்டுல மரம் விழுந்து லைன் அறுந்து போச்சு. காலையில இருந்து உக்குவளை முழுக்கக் கரண்ட் இல்லையே..."

வின்சன்டின் பார்வை திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் பொலிஸார் வந்தபோது எல்லாவற்றையும் அவரே சொன்னார். கவனயீனம் என்ற சொல் ஷெரோமியின் பெயரை விட்டு இறங்கியது. வேலிக்கு வெளியில் நின்ற நாலு பேர் நாற்பது பேருக்குச் சொன்னார்கள். பங்குச் சுவாமி வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்டார். கிறிஸ்டியன் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தான்.

வின்சன்ட் அவனை வரச் சொல்லி ஆள்மேல் ஆள் அனுப்பினார். மூன்றாம் நாள் போனான். கட்டு மாற்றும் நேரம். டொக்டர் பெண் அவனை ஓரமாக அழைத்தாள். அவருடைய முகத்தை யார் பிடித்திருந்தார்கள் என்று கேட்டாள்.

"ஏன்?"

வெல்டிங் வெளிச்சத்தை அவ்வளவு நேரம் இமைக்காமல் யாராலும் பார்க்க முடியாது என்றாள். பிறகு அருகே கூட்டிப்போய்க் காட்டினாள்.

முகம் முழுக்க வெந்து சிவந்திருந்தது. நெற்றியிலும் கன்னத்திலும் மட்டும் வேகாத வெள்ளைத் தடங்கள். விரல்கள். தடித்த விரல்கள், தோல் கையுறைக்குள் இருக்கிற விரல்கள் மாதிரி. மேல் இமைகளைத் தூக்கி, கீழ் இமைகளை இழுத்து...

இடது பெருவிரலின் தடத்துக்குள் ஏதோ அழுந்திப் பதிந்திருந்தது. கிறிஸ்டியன் குனிந்தான்.

கோணல் தையல். குறுக்கும் நெடுக்குமாக, வேலி அடைத்த மாதிரி.

டொக்டர் போனபிறகு வின்சன்ட் கையால் காற்றைத் துழாவினார்.

"தம்பியா? எல்லாத்தையும் சொல்லிட்டேன்பா. ஒண்ணும் ஒளிக்கல. இப்பயாச்சும் போகச் சொல்லு."

"எங்க இருக்கா?"

"கால்மாட்டுல. பலகை மேல நிக்கிறா."

"உங்களுக்குத்தான் கண் தெரியாதே."

"ஒண்ணும் தெரியல," என்றார் வின்சன்ட். "எல்லாம் கறுப்பு. அவ மட்டும் தெரியுறா."

ஒரு வார்த்தைதான். அவன் சொன்னால் அவள் கேட்பாள். அது அவனுக்கும் தெரியும், கட்டிலில் கிடப்பவருக்கும் தெரியும்.

சொல்லவில்லை. வாசலை நோக்கி நடந்தான்.

"தம்பி... தம்பி..."

வாசற்படியைத் தாண்டும்போது பின்னால், மெதுவாக, நன்றாகப் பழகிய குரல்.

"பாக்காதீங்க."

எதிரே இருந்த வெள்ளைச் சுவர் நீலமானது. அதில் அவனுடைய நிழல் கறுப்பாக, கூர்மையாக விழுந்தது.

அவன் திரும்பவில்லை.