வெறும் சீனி உருண்டை

அக்கா கனடா போனபிறகு வெள்ளவத்தை மாடி வீட்டில் நான் தனியே இருந்தேன். ஐம்பத்தொரு வயது, கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் வேலை. பின்னேரம் வீட்டுக்கு வந்தால் மறுநாள் காலைவரை வாய் திறக்கத் தேவையே இராது.

கொட்டாஞ்சேனையில் ஒரு ஹோமியோபதி டொக்டர் நோயில்லாத ஆட்களைத் தேடுகிறார் என்று கூட வேலை செய்தவள் சொன்னாள். சுகமாயிருக்கிறவர்களுக்கு ஒரு மருந்தைக் கொடுத்து, உடம்பில் என்னென்ன மாறுகிறது என்று ஒரு மாதம் எழுதி வாங்குவார்களாம். எந்த வருத்தத்துக்கு எது மருந்து என்று அதை வைத்துத்தான் முடிவெடுப்பார்களாம். என்ன மருந்தென்று நமக்குச் சொல்லமாட்டார்கள்; மாதம் முடியும்வரை டொக்டருக்கும் தெரியாதாம். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இருந்ததென்றில்லை. சனிக்கிழமை போக ஓரிடம் கிடைத்ததே என்று போய்ப் பெயர் கொடுத்தேன்.

ஒரு கொப்பியும், சின்னப் போத்தலில் வெள்ளை உருண்டைகளும் தந்தார்கள். டொக்டருக்கு உதவியாயிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தினமும் ஆறு மணிக்குப் போன் எடுப்பார். தாகம் எடுத்ததா, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தேன், கனவில் யார் வந்தார்கள் என்றெல்லாம் பொறுமையாகக் கேட்பார். அப்படி என்னை ஒருவரும் விசாரித்ததில்லை. ஐந்தரைக்கே முகம் கழுவிவிட்டு போனுக்குப் பக்கத்தில் இருப்பேன்.

இரண்டாம் கிழமை கை நடுங்கத் தொடங்கியது. படியேறினால் நெஞ்சு படபடத்தது. வேர்த்துக் கொட்டியது, சட்டையெல்லாம் தொளதொளத்தது. பயப்பட வேண்டிய நான் சந்தோஷப்பட்டேன். அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று டொக்டர் சொன்னாராம்.

மாதக் கடைசியில் எல்லாரையும் கூப்பிட்டு, யாருக்கு என்ன கொடுத்தது என்று டொக்டர் வாசித்தார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சிலருக்கு மருந்தே இல்லாத சீனி உருண்டைதான் கொடுத்திருந்தார்கள். அதில் நானும் ஒருத்தி. டொக்டர் என் கொப்பியை இன்னொருமுறை புரட்டினார். முகம் மாறிவிட்டது.

"இது மருந்தாலை வந்ததில்லை. நாளைக்கே இரத்தம் சோதியுங்கோ. நான் உங்களை முந்தியே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கவேணும்," என்றார்.

களுபோவிலை ஆஸ்பத்திரியில் தைரொயிட் என்றார்கள். கிளினிக் துண்டு எழுதிய தாதி, அவசரத்துக்கு அறிவிக்க ஒரு நம்பர் தரும்படி சிங்களத்தில் கேட்டாள். எனக்குப் பாடமாயிருந்தது ஆசிரியையின் நம்பர் மட்டும்தான். வெட்கமாயிருந்தது. போனில் தேடி, அக்காவின் கனடா நம்பரைக் கொடுத்தேன்.

அவர்கள் தந்த குளிசையை விழுங்கத் தொடங்கி மூன்று மாதத்தில் நடுக்கம் நின்றது. ஒருநாள் ஆறு மணிக்கு நானே ஆசிரியைக்கு எடுத்தேன்.

"புதுசா ஏதும் செய்யுதோ பிள்ளை?" என்று கேட்டார்.

"இல்லை மிஸ். இப்ப நல்ல சுகம். சும்மாதான் எடுத்தனான்."

சந்தோஷம் என்றார். அதற்குமேல் கேட்க அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை. சொல்வதற்கு எனக்கும் ஒரு வருத்தமும் இருக்கவில்லை. அடுப்பில் கறி இருக்கிறதென்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். இரண்டு நிமிடம்கூடக் கதைத்திருக்கமாட்டோம்.