இடது காலுக்கு ஒரு கட்டை

லாரியின் கிளச் தட்டு எரியும்போது வரும் நாற்றம், முடியும் ரப்பரும் சேர்ந்து கருகுவது போலிருக்கும். அப்பாவின் காக்கிச் சட்டையோடு அது வீட்டுக்குள் வந்தால், அன்றைக்கு நாங்கள் யாரும் சத்தமாகப் பேசமாட்டோம். ஆரணியில் வளர்ந்த மற்றவர்கள் சாயப் பட்டறை வாசனையைச் சொல்வார்கள். எனக்கு நினைவில் நிற்பது இதுதான்.

அப்பா பிறந்தது நெசவுக் குடும்பத்தில். பெரியப்பா வீட்டுக் குழித்தறியில் உட்கார்ந்து, பள்ளத்துக்குள் கால்களைத் தொங்கவிட்டு, பல வருடங்கள் மிதிகட்டைகளை மாற்றி மாற்றி மிதித்தவர். ஒருநாள் அண்ணனோடு வாய்த்தகராறு முற்றி, "இனிமே இந்தப் பள்ளத்துல கால் வைக்க மாட்டேன்" என்று எழுந்து வந்துவிட்டார். லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு, அரிசி மண்டிக்காரர் ஒருவரிடம் ஓட்டுநராகச் சேர்ந்தார். வேகமில்லை, குடியில்லை, வண்டியில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. ஆனால் மற்ற ஓட்டுநர்களிடம் வருடக்கணக்கில் உழைக்கிற கிளச் தட்டு, அப்பாவிடம் சில மாதங்கள்கூடத் தாங்காது. முதல் தட்டு போனபோது முதலாளி முகம் சுளித்தார், இரண்டாவதற்குத் திட்டினார், மூன்றாவது எரிந்த அன்று, "இன்னொரு வாட்டி ஆச்சின்னா, சாவியக் குட்த்துட்டுப் போயி தறியில குந்திக்கோ" என்றார்.

அப்பா பயந்தது அதற்குத்தான். இப்படிப் பெயர் கெட்டபின் ஊரில் வேறு யாரும் லாரி தரமாட்டார்கள். அண்ணன் வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

வண்டிக்கடியிலிருந்து தலையை நீட்டிய மெக்கானிக், "யோவ், பெடல்ல கால வச்சிகினேதான் ஊர் ஊரா போறியா? கியர் மாத்தறப்ப அடிவரைக்கும் அமுக்கு, மாத்தினதும் கால எட்த்துடு. லேசா பாரம் இருந்தாலே தட்டு வழுக்கும், வழுக்கினா எரியும்" என்றார்.

"எட்த்துட்றேம்பா, சத்தியமா!" என்றார் அப்பா.

அவர் பொய் சொல்லவில்லை. மேட்டில் நிற்க வேண்டுமென்றால் பாதி கிளச்சில் வண்டியைத் தாங்கிப் பிடிக்காமல் கைபிரேக் போடுவார். ரயில்வே கேட்டில் நியூட்ரலுக்குக் கொண்டுவந்துவிட்டுக் காலை எடுத்துவிடுவார். தெரிந்து செய்கிற பழக்கமெல்லாம் சரியாகவே இருந்தது.

அந்தப் பங்குனியில் முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, தேவிகாபுரம் கோயிலுக்கு அந்த லாரியிலேயே குடும்பத்தோடு போனோம். ஊரைத் தாண்டியதும் சாலை நேராகிவிட்டது. கியர் மாற்ற வேண்டிய தேவையே இல்லை. தங்கையை மடியில் வைத்திருந்த அம்மா, சாலையைப் பார்க்காமல் அப்பாவின் காலையே பார்த்துக்கொண்டு வந்தவள், திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள்.

"இன்னாங்க, லாரில பொடவ நெய்யிறீங்களா?"

அப்பாவின் இடது கால் கிளச் பெடலின் மேல் இருந்தது. அதுவும் சும்மா இல்லை. மெல்ல அமுக்கி, மெல்ல விட்டுக்கொண்டிருந்தது. தறியருகே உட்கார்ந்து தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுத்த வருடங்களில் அம்மா பார்த்துப் பழகிய அசைவு. அப்பா சட்டென்று காலை எடுத்தார். ஒரு பர்லாங்கு போவதற்குள் அது தானாகவே திரும்பி வந்து ஏறிக்கொண்டது.

"ஐயோ, நான் வைக்கலம்மே!"

"நீங்க வைக்கல, அதுவா வருது. அதுக்கு மெதிக்க ஒரு கட்டை வேணும், அவ்ளோதான்."

அடுத்த வாரம் அம்மா எங்கிருந்தோ ஒரு பழைய மிதிகட்டையைக் கொண்டுவந்தாள். அதை முழ நீளத்துக்கு அறுத்து, கிளச்சுக்கு இடப்பக்கம் தரையில் வைத்து, தச்சரை விட்டுத் திருகாணி போட்டு முடுக்கச் சொன்னாள். அப்பா ஏறி உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் காலை வைத்தார். கட்டை நடுவே தேய்ந்து குழிந்திருந்தது. அந்தக் குழிவில் அவர் பாதம் அளவெடுத்தது போல உட்கார்ந்தது.

"அண்ணன் இன்னா சொன்னாரு?" என்று அம்மாவைக் கேட்டார்.

"கால் இங்கியேதான் கீது, ஆளு மட்டுந்தான் லாரில போறான்னாரு."

அப்பா வண்டியைக் கிளப்பினார். நான்காவது தட்டு ஏழு வருடம் உழைத்தது. வருடா வருடம் எண்ணிக்கொண்டு வந்தவன் நான்.

முதலாளி லாரியை விற்றபோது, அப்பா அந்தக் கட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனார். பெரியப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாதிதான் கீது. மீதி எங்கடா?"

"லாரி துன்னுட்ச்சிண்ணா."

இருவரும் சிரித்துவிட்டார்கள். உட்காரச் சொன்னதும் அப்பா தறியோரமாகவே உட்கார்ந்தார். கால்களை மட்டும் பள்ளத்தில் விடாமல் மடித்து வைத்துக்கொண்டார்.

இப்போது லாரியும் இல்லை, கட்டையும் இல்லை, அவர்கள் இருவரும் இல்லை. என் மகனின் காரில் கிளச்சே கிடையாது. வந்தவாசி போய்ச் சேருவதற்குள் அவன் எத்தனை தடவை பிரேக் போடுகிறான் என்று எண்ணியபடி, எண்ணிக்கை ஏற ஏறக் கவலைப்பட்டுக்கொண்டு பக்கத்தில் வருகிறேன். அவன் காலடியில், இடது ஓரத்தில், கார் கம்பெனியே ரப்பர் போட்டு ஒரு சிறு மேடை வைத்துக் கொடுத்திருக்கிறது. அது எதற்கென்று போன வாரம் கேட்டேன்.

"சும்மா கால் வைக்கத்தாம்பா" என்றான்.