கப்பல் அறைக்கு ஒரு சிவப்புப் பொத்தான்

யூசுப் பாயின் இடுப்பெலும்பு முறிந்ததற்கு நான்தான் காரணம். தரை வழுக்கிவிட்டது என்று 1984இல் அவர் மகளிடம் நான் சொன்னது பொய்.

சிராங்கூன் சாலைக்குப் பின்புறமுள்ள ஒரு கண்காட்சிக் கூடத்துக்கு, பழைய கப்பலின் அடித்தட்டைப் போல ஓர் அறை அமைத்துக் கொடுத்தேன். உள்ளே கால் வைத்தால் தரைக்கடியில் சுவிட்ச் அமுங்கும். விளக்கு அணையும், மோட்டார் தரையை ஆட்டும், ஒலிநாடாவில் கடல் இரையும். சிறுவயதில் நாகப்பட்டணத்திலிருந்து அப்படியொரு அடித்தட்டில் வந்தவர் பாய். புயலில் மேல்மூடியை அடைத்துவிட்டார்கள் என்று விவரித்தபோது அவர் கை நடுங்கியது. அந்த நடுக்கம் பார்வையாளருக்கும் வரவேண்டுமென்று, உள்பக்கம் கைப்பிடி இல்லாத கதவு வைத்தேன். வருகிறதா என்று சோதிக்க, எதுவும் சொல்லாமல் அவரையே முதலில் அனுப்பினேன். கதவைத் தட்டினார். அறை நன்றாக அமைந்துவிட்டது என்று வெளியே நின்று மகிழ்ந்தேன். பிறகுதான் விழுந்த சத்தம் கேட்டது.

1986 மார்ச்சில் சென்னையிலிருந்து மறுபடி போனேன். கூடத்தாரிடம் அனுமதி பெற்று, கதவுக்கு உள்கைப்பிடியும், அமுக்கினால் எல்லாம் நின்று விளக்கெரியும் சிவப்புப் பொத்தானும் பொருத்தினேன். அங்கே போகிறவர்கள் நுழைந்ததும் வலப்பக்கச் சுவரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, பாய் வீடு இருக்கும் மார்சிலிங்குக்கு டாக்சி. இருபது கிலோமீட்டருக்கு மேல். பத்து வெள்ளி அறுபது காசு.

"ஏர்கான் ஃபுல்லா ஓடுது லா, உங்களுக்கு இப்படி வேர்க்குது? பொண்ணு கேக்கவா போறீங்க சார்?" என்றார் ஓட்டுநர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

லிஃப்ட் ஐந்திலும் ஒன்பதிலும்தான் நிற்கும். பாய் வீடு ஏழாம் மாடி. ஊன்றுகோலோடு அவர் இறங்கி ஏறும் படிகளில் நான் ஏறினேன்.

"அத்தா, மெட்ராஸ் சார்!" என்று மகள் கதவைத் திறந்தாள். உட்காருவதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் முகம் மாறியது. "செருப்புதான் வழுக்கிருச்சுன்னு அத்தாவோட செருப்பையெல்லாம் தூக்கிப் போட்டேன், சார்."

"எனக்குத் தெரியும்," என்றார் பாய். "கைப்பிடியத் தேடின கை என்னுது."

"அப்ப ஏன் அத்தா சொல்லல?"

"சொன்னா ரூமை மூடிருவாங்க. அது என் கப்பல் இல்லையா?"

பொத்தானைப் பற்றிச் சொல்லி, வந்து பார்க்கும்படி கெஞ்சினேன்.

"விளக்கணைச்சு நீங்க உள்ள இருந்திருக்கீங்களா?"

ஒருநாளும் இருந்ததில்லை.

"அப்ப வாங்க. பொத்தான் பக்கம் நான் நின்னுக்கறேன்."

மகள் ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்தாள். "அவரை முன்னால போகச் சொல்லுங்கத்தா."

அன்று மூன்று மணிக்கு இருவரும் உள்ளே போனோம். இருட்டு. தரை சாய்ந்தது. தலைக்கு மேல் மூடி அடைபடும் சத்தம். ஒலிநாடாதான் என்று தெரிந்தும் மூச்சு முட்டியது. நானே பொருத்திய கைப்பிடியைத் துழாவினேன், அகப்படவில்லை.

"பாய், அமுக்குங்க. போதும், அமுக்குங்க."

"இருங்க தம்பி," என்றது இருட்டிலிருந்து அவர் குரல். "இப்பத்தான நாகப்பட்டணம் தாண்டியிருக்கு."